ஜாக்கோ மலையின் பறவை அறிஞர்

அலன் ஒக்டேவியன் ஹியூம் என்பாரின் பெயரைச் சரித்திரம் கற்றோர் அனைவரும் அறிவர். இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் முதல்வராக அவர் எண்ணப்படுகின்றார். பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து மறுவரியில் மறைந்துவிடும். 1885ஆம் ஆண்டும் பம்பாய் நகரும் அவர் பெயரோடு சேர்த்து மனனஞ் செய்யப்படும், அவ்வளவே. ஆயினும் அவ்வாண்டுக்கு முன்னர்க் கால் நூற்றாண்டுக் காலமாக அவர் உள்ளத்தை ஆட்கொண்டிருந்தவை பறவைகள் என்பதனை அறிந்தோர் சிலரே. இமயச் சாரலில் ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் உள்ள ஜாக்கோ மலையின்மீது வீடமைத்து, அங்கிருந்து இந்தியப் பெருநிலத்தின் பறவைகள் அனைத்தையும் கணக்கெடுக்க முயன்றவர் அவர். அம்முயற்சி எவ்வாறு தொடங்கி, எவ்வாறு தகர்ந்து, எவ்வாறு நிலைபெற்றது என்பதை நம் வாசகர்க்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

பறவைக்கும் தமிழ்ப் பண்டிதனுக்கும் யாது தொடர்பு என்று எவரேனும் வினவலாம். சங்க நூல்களைக் கற்பிக்கும் ஆசிரியன் எவனும் பறவைகளை விட்டு விலகுதல் இயலாது. நெய்தற் பாட்டிலே அன்றில் வரும். பாலைப் பாட்டிலே பாறும் எருவையும் வரும். அன்றில் என்பது எப்பறவை என்று மாணாக்கர் கேட்குந்தோறும், அறிஞர் பலர் பலவாறு கூறுவர் என்று சொல்லுவதன்றி, இதுவே அது என்று சுட்டிக்காட்ட என்னால் இயன்றதில்லை. அசுணத்தின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. அதனைப் புள் என்பாரும் உளர். விலங்கு என்பாரும் உளர். பெயர் நம்மிடம் இருக்கின்றது. பெயருக்குரிய உயிர் எது என்பது கைநழுவிப் போயிற்று. பெயரையும் உயிரையும் பிரியாதபடி பிணைத்து வைத்த ஒருவரின் வாழ்க்கை என்னைக் கவர்ந்தமைக்கு இதுவே காரணம்.

எட்டாவாவில்

ஹியூம் 1829ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆந் திகதி பிறந்தார். தந்தையார் யோசப் ஹியூம் பிரித்தானியப் பாராளுமன்றத்திலே சீர்திருத்தக் கட்சியின் சார்பில் நின்று, அரசாங்கத்தின் வீண்செலவுகளை இடைவிடாது கண்டித்தவர். மைந்தர் ஹெயில்பரியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் கல்லூரியிற் கற்றார். இலண்டனில் மருத்துவமும் அறுவை மருத்துவமும் பயின்றார். 1849இல் இந்தியாவை அடைந்து வங்காளச் சிவில் சேவையிற் சேர்ந்தார். யமுனைக் கரையில் உள்ள எட்டாவா மாவட்டம் அவர் பணிக்களமாயிற்று.

அங்கு அவர் மாவட்ட அதிகாரியாக இருந்தபோது செய்த முதற் பெரும்பணி பள்ளிக்கூடங்களைத் திறந்தமையாகும். 1857ஆம் ஆண்டளவில் அம்மாவட்டத்தில் 181 பள்ளிகள் நடைபெற்றன. அவற்றில் 5,186 மாணாக்கர் கற்றனர். அவருள் பெண்பிள்ளைகள் இருவரே. அவ்விருவரையும் தவறாது கணக்கிற் சேர்த்திருப்பது எண்ணத்தக்கது. எண்ணுதல், எழுதுதல், ஒன்றையும் விடாது பதிதல் என்பன அவர் இயல்பிலேயே அமைந்திருந்தன.

அதே 1857இல் சிப்பாய்களின் கிளர்ச்சி எழுந்தது. ஹியூம் எட்டாவாவை விட்டு ஆக்கிராக் கோட்டைக்குச் செல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் வந்து அமைதியை நிலைநாட்டினார். வேறிடங்களிலே ஆங்கிலேயர் நிகழ்த்திய கொடிய பழிவாங்கலோடு ஒப்பிடுங்கால், எட்டாவாவில் உயிர்த்தண்டனைகள் மிகச் சிலவே. அவர் அளவுக்கு மிஞ்சி இரக்கங் காட்டினார் என்று அவருடைய நாட்டவருட் சிலர் குறைகூறினர். அக்குழப்பத்திலே அவர் அதுகாறும் சேர்த்து வைத்திருந்த பறவைச் சேகரிப்பு அழிந்தது. முதல் இழப்பு அது. மனந்தளராது மறுபடியும் தொடங்கினார்.

முள்வேலியும் ஒரு சிறு குருவியும்

1867ஆம் ஆண்டு முதல் 1870ஆம் ஆண்டு வரை அவர் உள்நாட்டுச் சுங்க ஆணையாளராகப் பணிபுரிந்தார். உப்பு வரியைக் காத்தற்பொருட்டு, வட இந்தியாவின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு முட்செடிகளாலான வேலி ஒன்றை அரசாங்கம் வளர்த்திருந்தது. வரி செலுத்தாத உப்பு அவ்வேலியைக் கடவாதபடி காவலர் நிறுத்தப்பட்டனர். ஏழையின் உணவுக்குரிய உப்பை மறிக்கும் அவ்வேலியைக் கண்காணிப்பது ஹியூமின் கடமையாயிற்று. பிற்காலத்தில் மக்களுக்காகப் பேசிய அவர் இப்பணியையும் செய்தார் என்பதை மறைத்தல் வேண்டா. ஆனால், அப்பணியின் பொருட்டுப் பல மாகாணங்களிலும் நெடுந்தூரம் பயணஞ் செய்தமை பறவைகளை ஆராய்வதற்கு வாய்ப்பளித்தது. சென்ற இடமெல்லாம் பறவைகளைக் கண்டார், குறிப்பெழுதினார், சுட்டுப் பாடஞ்செய்து சேகரித்தார்.

1867ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் திகதி, சத்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே இராம்பூருக்கு அணித்தாக ஒரு சிறு குருவி அவர் கைக்கு வந்தது. நாணற் புதர்களில் வாழும் கதிர்க்குருவி இனத்தது. மங்கிய பழுப்பு நிறம்; பார்வைக்கு யாதொரு சிறப்பும் இல்லை. ஆனால், அலகு சற்றே நீண்டிருந்தது. இனத்தின் ஏனைய குருவிகளோடு ஒப்பிட்டு, இது வேறு என்று ஹியூம் முடிவு செய்தார்; அதன் வேறுபாட்டை எழுதி வெளியிட்டார். பதனிட்ட அச்சிற்றுடலின் காலிலே இடமும் நாளும் எழுதிய சீட்டைக் கட்டினார். அக்குருவியைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசவேண்டியிருக்கும்.

மலைமுகட்டு மனை

1871இல் வருவாய், விவசாயம், வாணிபம் என்னும் மூன்றுக்குமாக இந்திய அரசாங்கத்தில் ஒரு புதிய திணைக்களம் அமைந்தது. அதன் செயலாளராக ஹியூம் நியமிக்கப்பட்டார். கோடைக்காலத்தில் அரசாங்கம் முழுவதும் சிம்லாவுக்குச் செல்வது 1864ஆம் ஆண்டு முதல் வழக்கமாக இருந்தது. ஆகவே ஹியூமும் சிம்லாவாசியானார். ஜாக்கோ மலையின்மீது உறொத்னி மாளிகை எனப்பட்ட வீட்டை வாங்கிப் பெரும்பொருள் செலவிட்டு விரிவாக்கினார்.

சிம்லா அமைந்துள்ள மலைமுகடு ஒரு நீர்பிரி மேடாகும். அதன் ஒருபுறத்தில் விழும் மழை சத்லெஜ் ஆற்றோடு சென்று சிந்துவிற் கலந்து அரபிக்கடலை அடையும். மறுபுறத்தில் விழும் மழை யமுனையையும் கங்கையையும் சேர்ந்து வங்கக் கடலை அடையும். தேவதாரும் கருவாலியும் அடர்ந்த அம்முகட்டில் வேனில் தொடங்குங் காலத்தில் காட்டுப்பூவரசு செந்நிறக் கொத்துக் கொத்தாக மலரும். நம் நுவரெலியாப் பகுதி மலைகளில் மலரும் காட்டுப்பூவரசும் அதே இனத்ததே. ஓடைக் கரைகளிலே நீலக்கருமை நிறமுடைய சீழ்க்கைப் பூங்குருவி வைகறையிற் பாடும். நெடுவால் நீலக் காகங்கள் மரத்துக்கு மரம் தாவும். பள்ளத்திலிருந்து எழும் வெப்பக் காற்றின்மீது இறகு அசையாது மிதந்து, பாறுகளும் எலும்புண்ணும் பெருங்கழுகும் முகட்டின் ஓரமாகச் செல்லும். சமவெளியில் நிற்பவன் இப்பறவைகளின் வயிற்றுப் புறத்தையே காண்பான். முகட்டில் நிற்பவனோ அவற்றின் முதுகையும் காண்பான். பறவையைக் கீழிருந்தும் மேலிருந்தும் காணும் பேறு மலைமுகட்டில் வாழ்வோர்க்கு உரியது.

வீட்டோடு தனியாக ஓர் அரும்பொருட்சாலையை ஹியூம் அமைத்தார். அலுவலகஞ் செல்வதற்கு முன், விடியுமுன்னரே எழுந்து, தாமே தேநீர் தயாரித்துக்கொண்டு பறவைகளிடையே அமர்வது அவர் வழக்கம். தோலுருக்கள் இழுப்பறைகளில் இனவாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு. எங்குக் கிடைத்தது, எந்நாள் கிடைத்தது, ஆணா பெண்ணா என்னும் விவரங்கள் அதில் இருக்கும். ஒரே இனத்தில் ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதோடு அவர் அமையவில்லை, நூற்றுக்கணக்காகச் சேர்த்தார். இடத்துக்கு இடம் நிறம் எவ்வாறு வேறுபடும், வயதுக்கு ஏற்ப இறகு எவ்வாறு மாறும் என்பன பல உருக்களை ஒப்பிட்டாலன்றித் தெரியா என்பது அவர் கொள்கை. ஒரே நூலின் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடந் தெளியும் பதிப்பாசிரியரின் முறையும் இதுவேயன்றோ?

1872இல் அவர் ஒரு பறவையியல் இதழைத் தொடங்கினார். உதிர்ந்த இறகுகள் என்பது அதன் பெயரின் பொருள். படைவீரர், வனக் காவலர், தேயிலைத் தோட்டத்தினர், பொறியியலாளர் எனப் பலர் தத்தம் ஊரிற் கண்டவற்றை எழுதியனுப்பினர். தலைநகரில் இருக்கும் அறிஞர் சிலர் மட்டுமே அறிவை ஆக்குவர் என்னும் எண்ணத்தை அவ்விதழ் மாற்றிற்று. சிற்றூரில் தனித்திருந்த ஒருவன் தன் முற்றத்து மரத்திற் கண்ட கூட்டைப் பற்றி எழுதினாலும், அது துல்லியமாயிருப்பின் இடம் பெற்றது. இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய நூலை 1873இல் தொடங்கி வெளியிட்டார். சி. எச். ரி. மார்ஷல் என்பவரோடு சேர்ந்து வேட்டைப் பறவைகளைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். அவை 1879 முதல் 1881 வரை வெளிவந்தன. இந்தியா, பர்மா என்பவற்றோடு இலங்கையின் பெயரும் அந்நூலின் தலைப்பிலே உள்ளது. நம் காட்டுக்கோழியும் கௌதாரியும் காடையும் அவற்றில் இடம்பெற்றன. இதே காலத்தில், 1880இல், வின்சென்ட் லெக் என்னும் படைத்தலைவர் இலங்கைப் பறவைகளைப் பற்றிய தம் பெருநூலை நிறைவு செய்தார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கொலையும் அறிவும்

இங்கு ஒரு வினா எழுகின்றது. அதனைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையன்று. இத்துணைப் பறவைகளும் கொல்லப்பட்டவை. அக்காலத்தில் தொலைநோக்கியின் துணையால் மட்டும் ஒரு சிறு குருவியை இனங்காணல் அரிது. படப்பிடிப்புக் கருவியோ பறவையைத் தொடரும் நிலையை அடையவில்லை. கையில் எடுத்துப் பார்த்தாலன்றி ஐயம் தீராது என்பதே அந்நாளைய அறிஞர் அனைவரின் துணிபு. ஆயினும், 1881இல் மணிப்பூருக்குச் சென்ற ஹியூம், அதுவரை அறியப்படாத ஒரு சிறு காடை இனத்தைப் பெறும்பொருட்டு ஆட்களைக் கொண்டு ஒரு பெரும் புல்வெளியையே ஒரு நாள் முழுவதும் வெட்டுவித்தார் என்பதைப் படிக்கும்போது, அறிவின் வேட்கையும் வேட்டையின் வேட்கையும் எங்குப் பிரிகின்றன என்று கேட்கத் தோன்றுகின்றது. அதே பயணத்தில் கண்டறிந்த அழகிய நெடுவாற் காட்டுக்கோழி இனம் ஒன்றுக்குத் தம் மனைவியாரின் பெயரைச் சூட்டினார். இன்று அது மணிப்பூர் மாநிலத்தின் சின்னப் பறவையாக விளங்குகின்றது.

இவ்வினா ஹியூமின் உள்ளத்திலும் எழுந்தது. 1880இல் பிளவாட்ஸ்கி அம்மையாரும் ஒல்கொட் அவர்களும் சிம்லாவுக்கு வந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் ஒல்கொட் காலியில் வந்திறங்கிப் பௌத்த சமயத்தைத் தழுவியமை நம் நாட்டுச் சரித்திரத்தில் உள்ளதாகும். ஹியூம் பிரமஞான சங்கத்தில் சேர்ந்து, சிம்லாக் கிளையின் தலைவரானார். சில ஆண்டுகளில் கருத்து வேற்றுமையால் அச்சங்கத்தை விட்டு விலகினார் ஆயினும், அத்தொடர்பால் விளைந்த ஒரு மாற்றம் நிலைத்து நின்றது. புலாலுண்பதை விட்டார், பறவைகளைச் சுடுவதையும் விட்டார். ஆயிரக்கணக்கான பறவைகளை வீழ்த்திய கை தானாகவே துப்பாக்கியைக் கீழே வைத்தது. கொல்லாமையைப் பிறந்த குடியின் வழக்கமாகப் பெற்றவர் பலர். கொன்று பார்த்தபின் தாமே தேர்ந்து கொண்டவர் சிலர். பின்னவர் வழி அரியது என்பேன்.

இழந்ததும் எஞ்சியதும்

அரசாங்கப் பணியிலே அவருக்கு நற்காலம் நீடிக்கவில்லை. உழவர் நலத்தைக் கருதி அவர் வற்புறுத்திய சீர்திருத்தங்கள் மேலிடத்தாருக்கு உவப்பாயில்லை. தம் கருத்தை மென்மையாகச் சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. லிட்டன் பிரபு ஆட்சியில், 1879இல், அவர் செயலாளர் பதவியினின்றும் நீக்கப்பட்டுத் தாழ்ந்த பதவிக்கு மாற்றப்பட்டார். 1882இல் சேவையினின்றும் ஓய்வு பெற்றார். இனி, தம் வாழ்நாட் பணியாகிய இந்தியப் பறவைகளின் பெருநூலை எழுதி முடிக்கலாம் என்று எண்ணினார். அதற்கென இருபத்தைந்து ஆண்டுகளாகத் திரட்டிய குறிப்புகள் சிம்லா வீட்டில் இருந்தன.

1883ஆம் ஆண்டளவில் வெளியூர் சென்று மீண்டபோது அக்குறிப்புகளிற் பெரும்பகுதியைக் காணவில்லை. வீட்டுப் பணியாளன் ஒருவன் அவற்றை எடுத்துச் சென்று கடைத்தெருவிலே பழங்கடதாசியாக நிறுத்து விற்றுவிட்டான். பருப்பும் மிளகும் சுற்றிக் கொடுக்கும் தாளாக அவை ஊரெங்கும் பரந்து மறைந்தன. பனிமலை ஓரத்திலும் பாலைநிலத்திலும் தீவுகளிலும் உயிரோடு உலாவிய பறவைகளின் நடையும் குரலும் கூடும் உணவும் அவற்றிலே எழுதப்பட்டிருந்தன. இறந்த பறவைகள் இழுப்பறையில் எஞ்சின. உயிருள்ள பறவைகளின் வரலாறு மறைந்தது.

இத்துன்பத்தின் அளவைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஹியூம் தம் தாள்களை இழந்த அதே காலப்பகுதியிலே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர்ஊராக அலைந்துகொண்டிருந்தார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அடுப்புக்கும் ஆற்றுக்கும் இரையான ஏடுகளை நினைந்து அவர் உள்ளம் நொந்திருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறையினர்க்கோ, எழுதிய தாள் அழிதல் என்பது யாது என்று எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அவ்விழப்போடு வேறோர் இடரும் நேர்ந்தது. பெருமழையினால் ஜாக்கோ மலைச் சரிவு இடிந்து அரும்பொருட்சாலையைச் சேதப்படுத்திற்று. ஈரமும் பூச்சியும் புகுந்து பாடஞ்செய்த பறவைகளை அரிக்கத் தொடங்கின. ஹியூம் பெருநூலை எழுதும் எண்ணத்தைக் கைவிட்டார். ஆனால், எஞ்சியதைத் தம்மோடு மடியவிடவும் அவர் விரும்பவில்லை; பணத்துக்கு விற்கவும் முற்படவில்லை. இலண்டனில் உள்ள பிரித்தானிய அரும்பொருட்சாலைக்கு முழுவதையும் நன்கொடையாகத் தருவதாக எழுதினார்.

நன்கொடையோடு சில நிபந்தனைகளும் இருந்தன. அரும்பொருட்சாலையின் பறவைப் பகுதியில் இருந்த பௌட்லர் ஷார்ப் என்பவரே நேரில் வந்து சேகரிப்பைப் பார்த்துக் கட்டிச் செல்லவேண்டும் என்பது ஒன்று; வேலைப்பளு மிகுதலால் அவருக்குப் பதவியும் ஊதியமும் உயர்த்தப்பட வேண்டும் என்பது மற்றொன்று. கொடுப்பவர் தமக்கென ஒன்றும் கேளாது, பெற்றுக் காப்பவனுக்காகக் கேட்டது வியப்புக்குரியது. மேலிடத்தார் காலந் தாழ்த்தினர். அதற்குள் ஏறத்தாழ 20,000 உருக்கள் அழிந்தன. ஈற்றில் 1885இல் ஷார்ப் சிம்லாவை அடைந்தார். பறவையுடல்களைக் காயப்படுத்தாதவாறு, ஆணியின்றித் தேவதாரு மரத்தால் 47 பெட்டிகள் அங்கேயே செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் அரைத் தொன் அளவு நிறையுடையது. அவை மலையினின்றும் இறக்கப்பட்டு, மாட்டு வண்டிகளிலே கால்காவை அடைந்து, பம்பாய்த் துறைமுகத்திற் கப்பலேறின. அவ்வாறு சென்றவை 82,000. அவற்றுள் 75,000க்கு மேற்பட்டவை அரும்பொருட்சாலையில் நிலையாக இடம்பெற்றன. தனி ஒருவர் திரட்டிய பறவைச் சேகரிப்புக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. கூடுகளையும் முட்டைகளையும் பற்றி எஞ்சிய குறிப்புகளை யூஜீன் ஓட்ஸ் என்னும் அறிஞரிடம் கொடுத்தார். அவர் அந்நூலைத் திருத்தி 1889இலும் 1890இலும் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார்.

மனிதரிடம் திரும்பியவர்

பறவைகள் மலையிறங்கிய அதே 1885ஆம் ஆண்டின் டிசெம்பர் 28ஆந் திகதி பம்பாயில், கோகுல்தாஸ் தேஜ்பால் வடமொழிக் கல்லூரியில், 72 பிரதிநிதிகள் கூடினர். உமேஷ் சந்திர பானர்ஜி தலைமை வகித்தார். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். இரண்டாண்டுகளுக்கு முன்னரே கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு ஹியூம் விடுத்த திறந்த மடல் அதற்கு வித்திட்டது. மக்களின் கொதிப்பைத் தணிக்கவே ஆங்கிலேயரான அவர் இதனைச் செய்தார் என்று பிற்காலத்தார் சிலர் கூறினர். அவ்வழக்கை அரசியல் ஆராய்வோர் தீர்க்கட்டும். நான் காண்பது ஒன்று. பல ஊர்களில் தனித்திருந்தோரைக் கடிதத்தால் ஒன்றிணைத்து, ஓரிதழின்கீழ்த் திரட்டி, ஒவ்வொருவர் சொல்லுக்கும் இடமளித்த பழக்கம் அவருக்குப் பறவைகள் பயிற்றியது. பல ஆண்டுகள் காங்கிரசின் பொதுச் செயலாளராக இருந்து, ஊரூராகக் கடிதம் எழுதிய கை, முன்னர்ப் பறவை நண்பர்க்கு எழுதிய கையே.

மனைவியார் 1890இற் காலமானார். 1894இல் ஹியூம் இந்தியாவை விட்டு இலண்டனை அடைந்தார். முதுமையிலும் சும்மா இருத்தல் அவருக்கு இயலவில்லை. பறவைகளை விட்டவர் செடிகளை மேற்கொண்டார். வயல் ஓரத்துக் களைகளையும் வழியோரப் பூண்டுகளையும் பறித்து உலர்த்தி, தாளில் ஒட்டி, சீட்டெழுதினார். 1910இல் தென் இலண்டன் தாவரவியல் நிலையத்தைத் தம் பொருளால் நிறுவினார். உயர்கல்விக்கு வாய்ப்பற்ற உழைப்பாளரும் வந்து செடிகளைப் பற்றிக் கற்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அந்நிலையம் இன்றும் நடைபெறுகின்றது. 1912ஆம் ஆண்டு யூலை மாதம் 31ஆந் திகதி, தம் 83ஆம் வயதில், அவர் மறைந்தார். செய்தி கேட்டு எட்டாவாவிலே கடைகள் மூடப்பட்டன.

சீட்டு பேசிய நாள்

இனி, சத்லெஜ் பள்ளத்தாக்கின் சிறு குருவிக்கு வருவோம். ஹியூமுக்குப் பின் அவ்வினத்தை எவரும் கண்டதாக உறுதியான செய்தி இல்லை. உலகில் அதற்கு ஒரேயொரு சான்றாக அப்பழுப்பு நிறத் தோலுரு மட்டும் இழுப்பறையிலே கிடந்தது. அது தனி இனம் அன்று, வேறோர் இனத்தின் பிறழ்ந்த உரு என்று கருதியோரும் இருந்தனர். 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆந் திகதி, தாய்லாந்திலே கழிவுநீர் தூய்மையாக்கும் நிலையம் ஒன்றில், பறவைகளுக்கு வளையமிட்டு விடுவிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஓர் ஆய்வாளரின் வலையிலே ஒரு குருவி சிக்கிற்று. அலகு சற்றே நீண்டிருந்தது. இரண்டு இறகுகளை எடுத்துக்கொண்டு அதனை உயிரோடு பறக்கவிட்டார். அவ்விறகின் மரபுக்கூறும் ஹியூமின் குருவியின் மரபுக்கூறும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் ஒன்றே. 139 ஆண்டுகளின் பின் ஹியூமின் முடிவு சரியென நிறுவப்பட்டது. பின்னர் ஆப்கானித்தானத்தின் வடகிழக்கு மலைநாட்டிலே அவ்வினம் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பதும் கண்டறியப்பட்டது.

காலிற் கட்டிய சிறு சீட்டு இல்லையேல் அவ்வுடல் வெறுந் தோலாகவே கிடந்திருக்கும். சீட்டு இருந்தும் சேகரிப்பு சிம்லாவிலேயே தங்கியிருந்தால் பூச்சிக்கு இரையாகியிருக்கும். எழுதியதும் கொடுத்ததும் சேர்ந்தே அக்குருவியை மீட்டன. இன்றோ பறவையைக் கொல்லாமல் ஓர் இறகாலேயே அதன் இனத்தை அறியலாம். ஹியூம் முதிர்ந்த வயதில் விரும்பித் தேர்ந்த கொல்லாமை, இன்றைய பறவையறிஞரின் முறையாகவே ஆகிவிட்டது.

ஆயினும் எல்லாச் சீட்டுகளும் மகிழ்ச்சி தருவன அல்ல. ஹியூமும் மார்ஷலும் தம் நூலிலே எழுதிய இமயக் காடை என்னும் பறவை, மசூரி, நைனிதால் மலைச் சரிவுகளில் வாழ்ந்தது. 1876இல் நைனிதாலுக்கு அருகிலுள்ள மலைமுகட்டிலே ஒன்று சுடப்பட்டது. அதன்பின் அவ்வினம் உறுதியாகக் காணப்படவில்லை. ஒரு டசின் அளவான தோலுருக்களே எஞ்சின. வெண்முதுகுப் பாறு எத்துணைப் பெருந்தொகையாக மக்கள் குடியிருப்புக்களின் அருகே மரங்களிற் கூடுகட்டியிருந்தது என்பதை ஹியூம் எழுதிவைத்துள்ளார். நூற்றுக்கணக்கான கூடுகளைக் கண்டவர் அவர். 1990களிலே கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் நோவகற்றும் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. இந்தியாவில் அவ்வினத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை மறைந்தன. காரணம் 2004இல் வெளியாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து கொடுத்தல் அங்குத் தடைசெய்யப்பட்டது. முன்பு எத்துணை இருந்தன என்பதை எழுதிவைத்தோர் இல்லையேல், எத்துணை இழந்தோம் என்பதை அளக்கும் கோலும் நமக்கு இராது.

ஆதலின், ஹியூமின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவென்று துணிகின்றேன். கண்டதைக் கண்டவாறே இடமும் நாளும் குறித்து எழுதுக. எழுதியதை ஒரே வீட்டிற் பூட்டி வையாது, பலர் கையில் நிலைக்கும்படி கொடுக்குக. தம்மிடம் வைத்துக்கொண்ட தாள்களை அவர் இழந்தார். பொதுவுக்குக் கொடுத்தவையே இன்றளவும் பேசுகின்றன. ஹோட்டன் சமவெளிக்கோ ஹக்கலைக்கோ பறவை காணச் செல்லும் நம் பிள்ளைகள் கையில் ஒரு குறிப்புப் புத்தகமும் கொண்டு செல்வார்களாக. எப்பறவை, எங்கு, எந்நாள் என்னும் மூன்றையும் அவர்கள் எழுதிவைப்பின், பிற்காலத்து ஆசிரியன் ஒருவன் மாணாக்கர் வினவும்போது அன்றிலைக் குறித்து நான் மயங்குவதுபோல் மயங்கவேண்டியிராது.